வீட்டுக்கு ஃபிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் வாங்க எந்தக் கடை? ஒரு பாளையங்கோட்டைக்காரரின் முழு வழிகாட்டி

2021 தீபாவளிக்கு ஒரு டபுள் டோர் ஃபிரிட்ஜ் வாங்கினோம். பாளையங்கோட்டையில் கேட்ட விலையைவிட, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய ஷோரூமில் 1,800 ரூபாய் குறைவு. கூடவே ஒரு ஹாட் பாக்ஸ் செட் இலவசம். சந்தோஷமாகக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அடுத்த மே மாதம், சரியாக அக்னி நட்சத்திரத்தில், கூலிங் நின்றது. வாரண்டிதான் இருக்கிறதே என்று கம்பெனி நம்பருக்கு அடித்தேன். வந்த பையன் ஃபிரிட்ஜின் ஸ்டிக்கரையும் பில்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், பில்லுல இருக்கற சீரியல் நம்பர் இந்த மெஷினோடது இல்லையே" என்றார். பில் போட்டவர் பக்கத்துப் பெட்டியின் எண்ணை அடித்திருக்கிறார். கடைக்குப் போன் செய்தால் கம்பெனியில் பேசச் சொன்னார்கள். கம்பெனியில் கேட்டால் கடையில் பில்லைத் திருத்தி வாங்கி வரச் சொன்னார்கள். பாலும் இட்லி மாவும் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் குடியேறின.

அந்தப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடையில் வாங்கியது. அதில் ஒருமுறை கோளாறு வந்தபோது அவர்கள் கடை அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டார்கள், அவ்வளவுதான். அவர் மெக்கானிக்கைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பி வைத்தார்.

விற்கிற நாளில் எல்லாக் கடையும் நல்ல கடைதான். அதனால் இப்போதெல்லாம், ரிப்பேர் வரும் நாளில் யார் படியேறி வருவார்கள் என்பதில் ஆரம்பித்துப் பின்னோக்கிக் கடை தேடுகிறேன். கீழே இருப்பதும் அந்த வரிசையில்தான். மிக்ஸிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்கினால் போதும்.

முதல் படி: கடைக்கு முன்னால் மெக்கானிக்

உங்கள் தெருவுக்கு ஏசி, ஃபிரிட்ஜ் பார்க்க வருகிற மெக்கானிக் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் "எந்த பிராண்டு நல்லது" என்று கேட்காதீர்கள். அதற்கு அவரவர் விருப்பத்தைத்தான் சொல்வார்கள். "எந்த பிராண்டுக்கு போர்டு இங்கேயே கிடைக்குது, எதுக்கு மதுரைக்கோ சென்னைக்கோ எழுதிப் போடணும்?" என்று கேளுங்கள். இப்போது வரும் இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் ஏசி எல்லாமே உள்ளே இருக்கும் மின்னணு போர்டை நம்பித்தான் ஓடுகின்றன. வோல்டேஜ் ஏறி இறங்கினால் முதலில் அடி வாங்குவதும் அதுதான். உதிரிபாகம் உள்ளூரில் இருந்தால் இரண்டு நாள். வெளியூரிலிருந்து வர வேண்டுமானால் நீங்களும் இட்லி மாவோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

அவரிடமே அடுத்த கேள்வி: "எந்தக் கடைக்காரர் அனுப்புற ஆளு ஒழுங்கா மாட்டிக் கொடுக்காரு?" இதற்கு வரும் பதில் தங்கம். ஏசி கோளாறுகளில் பல, மாட்டும்போது செய்த தவறில் முளைப்பவை. சரியாக இறுகாத பைப் இணைப்பு, வாட்டம் இல்லாத தண்ணீர்க் குழாய் என்று மற்றவர்கள் விட்டுப்போனதைச் சரிசெய்பவருக்குத்தான் யார் வேலை எப்படி என்று தெரியும். ஒருவர் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேரிடம் கேட்டு இரண்டிலும் வரும் கடைப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீங்கள் நினைத்திருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு வாங்குவதற்கு முன்பே ஒரு போன். உங்கள் பின்கோடைச் சொல்லி (எங்களுக்கு 627002), இந்தப் பகுதிக்கு சர்வீஸ் யார், அந்த சென்டர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஊர் பெயரை உடனே சொன்னால் நல்லது. "ரெக்வெஸ்ட் போடுங்க, ஆள் வருவாங்க" என்பதற்கு மேல் பதில் வரவில்லை என்றால், அந்த பிராண்டை எந்தக் கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன்.

இரண்டாம் படி: வீட்டை ஒரு தாளில் எழுதுங்கள்

ஃபிரிட்ஜ் நுழைய வேண்டிய வாசலின் அகலம், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலம், 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, வோல்டேஜ் எப்படி. இதெல்லாம் பத்து நிமிட வேலை. கொஞ்சம் யோசிக்க வேண்டியது தண்ணீர் விஷயத்தில்தான். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும், ஊரை விட்டுத் தள்ளிப் புதிதாக வந்த நகர்களில் போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கும் ஒரே வாஷிங் மெஷின் சரிப்படாது. உப்புத் தண்ணீரில் ஃபிரண்ட் லோடு மெஷினின் ஹீட்டர் மீதும் கீசரின் காயில் மீதும் சுண்ணாம்பு மாதிரி படிந்து கெட்டியாகிவிடும். மேல் மாடியில் குடியிருந்து தொட்டி நேர் தலைக்கு மேல் இருந்தால் மெஷினுக்கு வேண்டிய தண்ணீர் அழுத்தமும் கிடைக்காமல் போகலாம்.

இந்தத் தாளைக் கடைக்குக் கொண்டு போங்கள், ஆனால் உடனே நீட்டாதீர்கள். "வாஷிங் மெஷின் பாக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நில்லுங்கள். "என்ன தண்ணி சார் உங்க வீட்டுல? எத்தனை பேர்? எத்தனாவது மாடி?" என்று கேட்டுவிட்டு மெஷினைக் காட்டுகிற கடையும் உண்டு, நேராக ஆஃபர் பேனர் ஒட்டிய மெஷினுக்குக் கூட்டிப்போகிற கடையும் உண்டு. முதல் வகைக் கடைக்கு 500 ரூபாய் கூடக் கொடுக்க நான் தயார்.

மூன்றாம் படி: எந்த வகைக் கடை

நம் ஊர்களில் மூன்று வகை உண்டு. பல ஊர்களில் கிளை உள்ள பெரிய ஷோரூம். ஒரே கம்பெனியின் பொருளை மட்டும் விற்கும் கடை. குடும்பத்தோடு நடத்தும் ஊர்க் கடை.

பெரிய ஷோரூம்கள் எல்லாம் வானத்திலிருந்து குதித்தவை இல்லை. விவேக் 1965-இல் சென்னை மயிலாப்பூரில் தொடங்கிய கடை. வசந்த் அண்ட் கோவை கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான ஹெச். வசந்தகுமார் 1978-இல் சென்னையில் தொடங்கினார். அதற்கு முன் அவர் வி.ஜி.பி என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கையில் மொத்தப் பணம் இல்லாத குடும்பமும் தவணையில் பொருள் எடுக்கலாம் என்பதைத் தமிழ்நாட்டில் பழக்கியதில் இந்த மாதிரி கடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இவர்களிடம் பத்து கம்பெனிப் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், பண்டிகை நேரத்தில் விலையும் இறங்கும். ஒரு சிக்கல், இன்று பேசிய மேனேஜர் அடுத்த வருடம் வேறு ஊர்க் கிளையில் இருப்பார். அவர் வாயால் சொன்ன எதுவும் அவரோடேயே போய்விடும். எழுதி வாங்கியது மட்டும் நிற்கும்.

ஒரே கம்பெனிக் கடையில் அந்தக் கம்பெனியின் எல்லா மாடலும் இருக்கும், அதைப் பற்றி விவரமாகவும் சொல்வார்கள். ஒப்பிட வழியில்லை. பிராண்டு முடிவான பிறகு போக வேண்டிய இடம்.

ஊர்க் கடையில் மாடல் குறைவு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான் முதலாளி, நாளைக்கும் அவரே உட்கார்ந்திருப்பார். உங்கள் மாமனாரையும் அவருக்குத் தெரிந்திருக்கும். இந்தத் தெரிந்த முகத்துக்கு ஒரு விலை உண்டு, கொடுக்கலாம். ஆனால் எல்லா ஊர்க் கடையும் நல்ல கடை ஆகிவிடாது. "பில்லு வேண்டாம்னா இன்னும் குறைச்சுத் தாரேன்" என்று ஒருவர் ஆரம்பித்தால் அங்கேயே வணக்கம் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாத பொருளுக்கு வாரண்டியும் இல்லை, வழக்கும் இல்லை.

எனக்குக் கேட்டால்: ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றுக்கும் சொந்தமாக மாட்டும் ஆள் வைத்திருக்கும் ஊர்க் கடை. டிவிக்குப் பெரிய ஷோரூம். பத்து டிவியை ஒரே சுவரில் பார்த்தால்தான் படத்தின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

நான்காம் படி: வாங்காமல் ஒரு தடவை போங்கள்

ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் யாருக்கும் உங்களிடம் நின்று பேச நேரமிருக்காது. ஒரு செவ்வாயோ புதனோ காலை பதினோரு மணிக்குப் போங்கள். அன்றைக்குப் பணமோ கார்டோ எடுத்துப் போக வேண்டாம், அதுதான் பத்தியம்.

பெரிய கடைகளில் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டோடு நிற்பவர்களில் பலர் அந்தந்தக் கம்பெனி நிறுத்திய ஆட்கள். அவர்களிடம் ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னால் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று கேட்கவே வேண்டாம். அவர்கள்மேல் தப்பில்லை, அது அவர்கள் பிழைப்பு. "நீங்க கடை ஆளா, கம்பெனி ஆளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டால் பாதி குழப்பம் தீரும்.

பார்க்க வேண்டியது நட்சத்திர லேபிள். நட்சத்திரத்தை எண்ணினால் மட்டும் போதாது. அதில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும், அந்த நட்சத்திரம் எந்த ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும் இருக்கும். எரிசக்தி சிக்கனப் பணியகம் இந்த அளவுகோலை அவ்வப்போது இறுக்கிக்கொண்டே வருகிறது. 2022 ஜூலையில் ஏசிக்கு அப்படி இறுக்கியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்தது நான்காக இறங்கியது. ஆக, பழைய ஸ்டாக்கில் இருக்கும் ஐந்தும் புதிய ஸ்டாக்கில் இருக்கும் ஐந்தும் ஒன்றில்லை. ஏசி லேபிளில் உள்ள யூனிட் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. எங்கள் ஊர் வெயிலில் அதைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் சேர்த்தே கணக்கு மாறிவிடும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு ஒரு நட்சத்திரம் கூடக் குறைய இருப்பது பில்லில் நன்றாகவே தெரியும்.

பெட்டியின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். இரண்டு வருடம் குடோனில் கிடந்ததை இன்றைய விலைக்குக் கொடுத்தால் கேளுங்கள். டிஸ்ப்ளே பீஸ் என்றால் அதைச் சொல்லி விற்க வேண்டும், விலையும் நன்றாகக் குறைய வேண்டும். டிஸ்ப்ளே டிவியை நான் எடுக்க மாட்டேன். காலை முதல் இரவு வரை வெளிச்சத்தைக் கூட்டி வைத்து ஓடவிட்டிருப்பார்கள்.

வெளியே வரும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "ஆறு மாசம் கழிச்சு ரிப்பேர்னா நான் யாருக்குப் போன் பண்ணணும்?" ஒரு பெயரும் எண்ணும் கிடைக்கிறதா, இல்லை கம்பெனி டோல் ஃப்ரீ நம்பர் ஸ்டிக்கரைக் கையைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: விலையைத் தாளில் வாங்குங்கள்

பிடித்த இரண்டு கடைகளில் முழு மாடல் எண்ணோடு விலையை எழுதி வாங்குங்கள். முழு எண் முக்கியம். கம்பெனிகள் பெரிய ஷோரூமுக்கு ஒரு மாடல், மற்ற கடைகளுக்கு ஒரு மாடல், ஆன்லைனுக்கு ஒன்று என்று கடைசி எழுத்து ஒன்றிரண்டை மாற்றி விடுவது உண்டு. பார்க்க ஒரே ஃபிரிட்ஜ்தான், உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு குறைந்திருக்கும். விலையை நேருக்கு நேர் ஒப்பிட முடியாமல் போவதற்கு அந்த எழுத்தே போதும்.

அப்புறம் மொத்தக் கணக்கு. சும்மா ஒரு உதாரணத்துக்கு: ஒரு கடையில் ஏசி 38,000 ரூபாய், இன்னொன்றில் 39,500. முதல் கடையில் மாட்டுவதற்கு 1,500, வெளியே வைக்கும் ஸ்டாண்டு 900, பெட்டியோடு வரும் மூன்று மீட்டர் போக இரண்டு மீட்டர் காப்பர் பைப் 1,800, வண்டி வாடகை 400. மொத்தம் 42,600. இரண்டாவது கடையில் பைப்பைத் தவிர மற்றதெல்லாம் அதே விலையில் சேர்த்தி என்றால் 41,300. இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பைப், ஸ்டாண்டு, சுவரில் துளை, ஸ்டெபிலைசர், வண்டி, மாடிக்கு ஏற்றும் கூலி என்று ஆறையும் வரிசையாகக் கேட்காமல் எது மலிவு என்று சொல்லவே முடியாது.

ஜி.எஸ்.டி குறைந்துவிட்டது என்று சொல்லிச் சில இடங்களில் எல்லாப் பொருளிலும் ஒட்டியிருப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியவை ஏசி, 32 அங்குலத்துக்கு மேலான டிவி, பாத்திரம் கழுவும் மெஷின் போன்றவை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2018-லிருந்தே 18 சதவீதத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் "வரிக் குறைப்புச் சலுகை" என்று ஒரு கடை சொன்னால், அந்தக் கடை சொல்லும் மற்றதையும் கொஞ்சம் உப்புப் புளி பார்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

தவணை எடுப்பதில் தப்பில்லை. "வட்டியே இல்லை" என்பதைத்தான் நம்பக் கூடாது. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி பொருளின் விலையிலோ, பிராசசிங் கட்டணத்திலோ, ரொக்கத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியிலோ ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: முதலில் ரொக்க விலையை முடித்துக்கொள்ளுங்கள், அதை எழுதி வாங்கிய பிறகு "இதையே தவணையில எடுத்தா மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்று கேளுங்கள்.

பழசைக் கொடுத்துப் புதுசு எடுப்பதிலும் அதே முறைதான். பழைய ஃபிரிட்ஜைப் பற்றி வாயே திறக்காமல் புதிய விலையை முடித்துவிட்டு, கடைசியில் பழசுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால் ஒன்றில் ஏற்றி இன்னொன்றில் இறக்குவார்கள்.

கூடுதல் வாரண்டி விற்க வந்தால் அது கம்பெனியுடையதா, கடையுடையதா, மூன்றாவது ஒரு காப்பீட்டு நிறுவனத்துடையதா என்று கேளுங்கள். கம்பெனியுடையது என்றால், போர்டும் அடங்கும் என்றால் யோசிக்கலாம். கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று கதவில் பெரிதாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் கம்ப்ரசர் என்கிற பாகத்துக்கு மட்டும். கேஸ் நிரப்பும் செலவும் ஆள் கூலியும் உங்கள் தலையில் விழலாம். வாரண்டி அட்டையின் சின்ன எழுத்தைக் கடையிலேயே படித்துவிடுவது நல்லது.

ஆறாம் படி: பில்

என் கதை இங்கேதான் கெட்டது என்பதால் இதில் நான் கொஞ்சம் கறார். பில்லில் உங்கள் பெயர், முழு மாடல் எண், சீரியல் எண், தேதி, கடையின் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி எண் எல்லாம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவான கடை என்றால் அந்த எண் 33-இல் தொடங்கும். பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணையும் பில்லில் இருப்பதையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் மெஷினில் ஒட்டியிருப்பதோடு இன்னொரு தடவை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வெப்பப் பிரிண்டர் பில் ஒரு வெயில் காலத்தைத் தாண்டாது, எழுத்து மறைந்துவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான்.

சீர்வரிசைக்கு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அப்பா பெயரில் திருநெல்வேலியில் பில் போட்டு, பொருள் ஓசூரில் மகள் வீட்டுக்குப் போகும். அங்கே பழுதானால் பதிவில் இருப்பது அப்பாவின் போன் எண். மெக்கானிக் இங்கே கூப்பிடுவார், அப்பா அங்கே கூப்பிடுவார். மகள் பெயரிலேயே, மகள் எண்ணோடு பில் போடச் சொல்லுங்கள். கல்யாணம் தள்ளி இருந்தால், வாரண்டி பில் தேதியிலிருந்துதான் ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். தையில் முகூர்த்தம் என்றால் ஆடித் தள்ளுபடியில் வாங்கி வைத்த ஃபிரிட்ஜ், பெட்டியைப் பிரிக்காமலே அரை வருட வாரண்டியைத் தின்றிருக்கும். கடையில் பணம் கட்டி விலையை முடித்துவிட்டு, பில்லும் பொருளும் கல்யாணத்தை ஒட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்த ஊர்க் கடைகளில் சம்மதிப்பார்கள். கட்டிய பணத்துக்கு மட்டும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வண்டி வரும் நாள்

பெட்டி கிழிந்தோ நசுங்கியோ இருந்தால் பிரிக்கும் முன்பே போட்டோ. பிரிப்பதை வீடியோ எடுங்கள். டெலிவரி தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். பிரித்துப் பார்க்காமல் போடுவதாக இருந்தால் "பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதிப் போடுங்கள். டெமோ காட்ட வரும் ஆள் போன பிறகு கம்பெனியிடமிருந்து வாரண்டி பதிவானதாகக் குறுஞ்செய்தி வந்ததா என்று பாருங்கள். ஏசி என்றால் அவர் கிளம்பும் முன் அரை மணி நேரம் ஓடவிட்டு, தண்ணீர் வெளியே சரியாக வடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: ஏமாந்துவிட்டால்

போனில் கத்துவதால் ஒன்றும் நடக்காது. நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, பில் நகலோடு கடைக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சலோ ஸ்பீட் போஸ்டோ அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

நான் ஆணையம் வரை போகவில்லை. இருபத்தோராம் நாள், இரண்டு சீரியல் எண்களின் போட்டோவையும் பில்லையும் வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது. திருத்திய பில் வாட்ஸ்அப்பில் வந்தது. அதற்கும் அடுத்த நாள் கம்பெனி ஆள் வந்து போர்டை மாற்றினார். பக்கத்து வீட்டிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுத்து வரும்போது அந்த வீட்டு அக்கா, "தம்பி, அடுத்த தடவை நம்ம அண்ணாச்சிட்டயே வாங்குங்க" என்றார். போன வருடம் வாஷிங் மெஷின் அங்கேதான் எடுத்தோம். உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?"